டிக் ட்ரேசியின் வேட்டை: பழைய குற்றச் சித்திரத் தொடரில் தலைமறைவானவன் எப்படிச் சிக்குகிறான்?

துப்பறியும் காமிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்து விழும். ‘கொலையாளி யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும்’ என்பது ஒன்று. ‘கார் துரத்தல், துப்பாக்கிச் சண்டை, அவ்வளவுதான்’ என்பது மற்றொன்று. 1930களிலும் 40களிலும் அமெரிக்க நாளிதழ்களில் வந்த குற்றச் சித்திரத் தொடர்களில் மிகப் புகழ்பெற்ற டிக் ட்ரேசியை எடுத்துக்கொண்டால் இரண்டுமே சரியாகப் பொருந்துவதில்லை. குற்றவாளி யார் என்பது அதில் பெரும்பாலும் கதை தொடங்கும்போதே வாசகருக்குத் தெரிந்துவிடும். ஓட்டமும் சண்டையும் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் நீளும் ஒரு கதையில் அவை சில நாட்கள் மட்டுமே வரும். மற்ற நாட்களில் நடப்பதுதான் உண்மையான வேட்டை. அது எப்படி நடக்கிறது என்பதை இந்த வகைக் கதைகளுக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடர் பிறந்த காலம்

டிக் ட்ரேசியை உருவாக்கி வரைந்த செஸ்டர் கூல்ட் 1900இல் ஓக்லஹோமா மாநிலத்தின் பானி என்ற ஊரில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று சிகாகோவுக்கு வந்தார். அவர் அங்கே வாழ்ந்த 1920கள் மதுவிலக்குக் காலம். கள்ளச்சாராயக் கும்பல்கள் நகரத்தையே ஆட்டிப் படைத்தன. கும்பல் தலைவன் அல் கபோனின் பெயர் நாள்தோறும் செய்தித்தாளில் வந்தது. பணத்தால் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் வளைக்க முடிந்த அந்த ஊரில், வளைந்து கொடுக்காத ஒரு போலீஸ்காரரைப் படமாக வரைய கூல்ட் விரும்பினார். 1931இல் தன் மாதிரிப் படங்களைப் பத்திரிகை அதிபர் ஜோசஃப் பேட்டர்சனுக்கு அனுப்பினார். நாயகனுக்கு டிக் ட்ரேசி என்று பெயர் வைத்தவர் பேட்டர்சன்தான்.

தொடர் 1931 அக்டோபர் 4 அன்று ‘டெட்ராய்ட் மிரர்’ நாளிதழில் தொடங்கியது. அதே மாதம் 17ஆம் தேதி சிகாகோ நீதிமன்றம் வரி ஏய்ப்பு வழக்கில் கபோனைக் குற்றவாளி என்றது. ட்ரேசியின் தொடக்ககால எதிரியான ‘பிக் பாய்’ கபோனின் சாயலில் உருவானவன். ட்ரேசி காதலித்த டெஸ் ட்ரூஹார்ட்டின் தந்தை கடை வைத்திருப்பவர். கொள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். அந்தச் சாவுதான் ட்ரேசியைக் காவல்துறைக்கு இழுத்துவருகிறது. அன்று தொடங்கியதை கூல்ட் 1977 கிறிஸ்துமஸ் வரை வரைந்துகொண்டே இருந்தார்.

இனி அடிக்கடி வரப்போகும் இரண்டு சொற்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளிதழில் ஒரே வரிசையாக மூன்று நான்கு படங்களுடன் வரும் ஒருநாள் பகுதியைப் பட்டை என்கிறேன். அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு படமும் ஒரு கட்டம்.

மர்மம் வேறு, சஸ்பென்ஸ் வேறு

மர்மக் கதை என்றால் முக்கியமான ஓர் உண்மை வாசகரிடமிருந்து மறைக்கப்பட்டிருக்கிறது. செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்பதைத் துப்பறிபவரோடு சேர்ந்து வாசகரும் தேடுகிறார். சஸ்பென்ஸ் கதை என்றால் உண்மை வாசகர் கையில் இருக்கிறது. கதைக்குள் இருப்பவர்களில் யாரோ ஒருவருக்குத்தான் அது தெரியாது. தெரியாதவருக்கு எப்போது தெரியவரும், அதற்குள் என்ன ஆகும் என்ற தவிப்புதான் அங்கே கதையை நகர்த்துகிறது.

டிக் ட்ரேசி பெரும்பாலும் இரண்டாவது வகை. திங்கட்கிழமைப் பட்டையில் ட்ரேசி ஆய்வுக்கூடத்தில் நிற்பார். செவ்வாய்க்கிழமைப் பட்டையில் கொலையாளி ஒரு மலிவான விடுதி அறையில் பசியோடு உட்கார்ந்திருப்பான். புதன்கிழமை மறுபடி ட்ரேசி. இரண்டு பேரையும் பார்ப்பவர் வாசகர் மட்டுமே. இருவருக்கும் இடையே எத்தனை தெரு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்; அவர்களுக்குத் தெரியாது.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. குற்றவாளியோடு இவ்வளவு நாட்கள் கழித்த பிறகு, அவனுடைய பயம் வாசகருக்கும் ஒட்டிக்கொள்கிறது. அவன் பிடிபட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கதவு தட்டப்படும்போது அவனுக்காகப் பதறவும் செய்கிறோம். கூல்ட் அப்பட்டமான போலீஸ் பக்கத்து ஆள். ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்த கதைமுறை நம்மை அடிக்கடி ஓடுகிறவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டது. இந்தத் தொடரின் பெரிய பலம் இதுதான் என்பது என் கருத்து.

ஆடு புலி ஆட்டம்

வேட்டையின் பொறிமுறையைப் புரிந்துகொள்ள, திண்ணையில் கோடு கிழித்து ஆடும் ஆடு புலி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு அந்த வலு இல்லை. ஆனாலும் ஆட்டுக்காரர் ஜெயிக்கிறார். எப்படி? புலியைத் துரத்திப் போய் அல்ல. அது அடுத்து நகரக்கூடிய புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறார். கடைசியில் புலி முழு வலுவோடு பலகையில் நிற்கும். நகர மட்டும் இடமிருக்காது.

ட்ரேசியின் எதிரியிடம் துப்பாக்கி இருக்கிறது, தயக்கம் இல்லை. நேருக்கு நேர் நின்றால் அவன்தான் ஆபத்தானவன். அதனால் கதை அவனுடைய இடத்தைச் சுருக்குகிறது. நண்பன் வீட்டுக்குப் போக முடியாது. அங்கே காவல் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை மாற்ற முடியாது. நோட்டு எண்கள் தெரிந்துவிட்டன. காயம் பட்டிருக்கிறது; மருத்துவரிடம் போக முடியாது. பனி கொட்டுகிறது, வெளியே தூங்க முடியாது. ஒவ்வொரு பட்டையும் ஒரு புள்ளியை அடைக்கிறது.

தலைமறைவுக் குற்றவாளி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கைதைத் தவிர்ப்பதற்காக ஓடி ஒளிந்து வாழ்பவன் என்பது அதன் பொருள். இதில் ஓடுவது சில மணி நேர வேலை. வாழ்வதுதான் கடினம். சாப்பாடு, கூரை, பணம், இவற்றைத் தர ஓர் ஆள் எல்லாம் வேண்டும். பழைய குற்றச் சித்திரத் தொடரின் கதை நடப்பது இந்தத் தேவைகளின் மேல்தான்.

நிஜத்தில் நடந்தது

இதைக் கூல்ட் கற்பனையில் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. 1934ஆம் ஆண்டு முழுவதும் அமெரிக்கச் செய்தித்தாள்கள் தலைமறைவானவர்களின் கதைகளால் நிறைந்திருந்தன. வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சர் அந்த மார்ச் மாதம் இந்தியானா மாநிலத்தின் கிரவுன் பாயின்ட் சிறையிலிருந்து தப்பினான். தப்பிய கையோடு ஷெரீஃபின் காரையே எடுத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டிச் சிகாகோவுக்கு ஓட்டினான். திருட்டுக் காரோடு எல்லை தாண்டுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அதுவரை உள்ளூர்ப் போலீஸ் தேடிய ஆளை அந்தப் பயணம் மத்தியப் புலனாய்வாளர்களின் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு எல்லையைக் கடந்து தப்பினான். அப்படி எல்லை தாண்டியதாலேயே நாடு முழுவதும் அவனுக்குப் பாதை அடைபட்டது.

முகத்தை அறுவைச் சிகிச்சையால் மாற்றிக்கொண்டான். விரல் ரேகையை அமிலத்தால் அழிக்கப் பார்த்தான். இவ்வளவு செய்தவனைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது அவனோடு பழகிய ஆனா சேஜ் என்ற பெண். ருமேனியாவிலிருந்து குடியேறியவர்; நாடு கடத்தப்படும் நிலையில் இருந்ததால் தகவல் கொடுத்துத் தப்பிக்க நினைத்தார். 1934 ஜூலை 22 இரவு, பயோகிராஃப் திரையரங்கிலிருந்து வெளியே வந்தபோது டிலிஞ்சர் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆனா சேஜை அரசு பிறகு நாடு கடத்தவே செய்தது.

ஒளிந்திருப்பவனுக்கு உதவும் ஒவ்வொருவரும் அவனைப் பற்றிய ஒரு தகவலைச் சுமக்கிறார்கள். உதவி கூடக் கூட, கசிவதற்கான வழியும் கூடுகிறது. டிக் ட்ரேசி தொடரில் வரும் வீட்டுக்காரிகள், கூட்டாளிகள், காதலிகள், சாலையோரத்தில் தற்செயலாகச் சந்திப்பவர்கள் எல்லாரும் கதைக்குள் வருவதன் காரணம் இதுதான்.

இதுவரை பார்த்தது: வாசகருக்குக் குற்றவாளியைத் தெரியும், அவனுடைய இடம்தான் சுருங்கிக்கொண்டே வருகிறது, சுருக்குவது பெரும்பாலும் அவனுடைய அன்றாடத் தேவைகளும் அவன் நம்பிய மனிதர்களும். இனி ஒரு முழுக் கதையில் இதைப் பார்க்கலாம்.

ஃப்ளாட்டாப்பின் ஐந்து மாதங்கள்

1943 டிசம்பரில் தொடரில் ஒரு கூலிக் கொலைகாரன் நுழைந்தான். பெயர் ஃப்ளாட்டாப் ஜோன்ஸ். மேல்புறம் பலகைபோல் தட்டையான தலை, பாதி மூடிய இமைகள், தடித்த உதடுகள். அது போர்க்காலம், பொருள்களுக்கு ரேஷன் இருந்தது, கறுப்புச் சந்தையும் இருந்தது. கறுப்புச் சந்தைக்காரர்கள் ட்ரேசியைக் கொல்ல ஃப்ளாட்டாப்புக்கு 5,000 டாலர் பேசுகிறார்கள்.

அவன் ட்ரேசியைப் பிடித்தும் விடுகிறான். அந்த இடத்திலேயே சுட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் பேராசை குறுக்கே வருகிறது. ட்ரேசியை உயிரோடு வைத்துக்கொண்டு, தன்னை அமர்த்தியவர்களிடமே 50,000 டாலர் கேட்கிறான். இந்த இழுபறி ட்ரேசி உயிர் தப்ப வழி தந்துவிடுகிறது. வேட்டையாட வந்தவன் வேட்டைப் பொருளாகிறான்.

இந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஃப்ளாட்டாப் ஒரே பேரத்தில் இரண்டு பக்கத்தையும் இழக்கிறான். போலீஸ் தேடுகிறது, அவனுக்கு அடைக்கலம் தந்திருக்கக்கூடிய குற்ற உலகத்திலும் இனி யாரையும் நம்ப முடியாது. ட்ரேசி ஒரு தடயத்தைக்கூடத் தொடும் முன்பே பலகையில் பாதிப் புள்ளிகள் அடைபட்டுவிட்டன, அடைத்தவன் அவனே. கூல்ட் எழுதிய நல்ல கதைகளில் தலைமறைவானவனின் குணமே அவனுக்கு எதிரான முதல் சாட்சியாக இருக்கும்.

அதன் பிறகு பதுங்கல். விட்டமின் ஃப்ளின்ட்ஹார்ட் என்ற, புகழ் மங்கிய நாடக நடிகர் ஒருவரின் நிழலில் ஃப்ளாட்டாப் ஒதுங்குகிறான். வசனம் பேசியே வாழும் அந்த மனிதரும், எதுவும் பேசாமல் இருக்க வேண்டிய இவனும் ஒரே இடத்தில் இருப்பது வேடிக்கையாகவும் இருக்கும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். வாசகர்களுக்கு ஃப்ளின்ட்ஹார்ட்டைப் பிடித்துப்போய், அவர் பிற்காலக் கதைகளிலும் வந்தார்.

முடிவு 1944 மே மாதம். கொலம்பஸ் பயணம் செய்த சான்டா மரியா கப்பலின் பிரதி ஒன்று நீர்நிலையில் நிற்கிறது. துரத்தலிலிருந்து தப்பத் தண்ணீரில் இறங்கும் ஃப்ளாட்டாப் அந்தக் கப்பலின் அடியில் சிக்கிக்கொண்டு மூழ்கி இறக்கிறான். சிகாகோ வாசிகளுக்கு இது அந்நியமான காட்சி அல்ல. 1893 உலகக் கண்காட்சிக்காக வந்த சான்டா மரியா பிரதி அந்த நகரின் ஜாக்சன் பூங்காவில் நெடுங்காலம் நின்றது. நாயகனின் தோட்டா அவனைக் கொல்லவில்லை. மறைவிடம் என்று அவன் தேர்ந்தெடுத்த கடைசிப் புள்ளியே கொன்றது. அவனுடைய சாவுக்கு வாசகர்கள் நிஜமாகவே துக்கம் கொண்டாடினார்கள். பூக்களும் இரங்கல் செய்திகளும் வந்தன, ஒரு கூலிக் கொலைகாரனுக்கு!

பிறகு வந்த ஷேக்கி என்ற குற்றவாளிக்கு நேர்ந்ததும் இதே வகை. நீரோரத்து மேடை ஒன்றுக்கு அடியில் போய் ஒளிகிறான், குளிரில் பனிக்கட்டி வெளியேறும் வழியை மூடிவிடுகிறது, உள்ளேயே உறைந்துபோகிறான். அதே 1944இல் ‘ப்ரௌ’ என்ற நாஜி உளவாளிக்கு கிராவல் கெர்ட்டி என்ற தனிமையான பெண் இடம் கொடுக்கிறாள். அவன் மேல் அன்பும் வைக்கிறாள். அவனுக்கு அது ஒளியக் கிடைத்த ஓர் இடம், அவளுக்கோ வாழ்க்கையில் அபூர்வமாகக் கிடைத்த துணை. அந்தப் பொருத்தமின்மையில் எழும் வேதனையைக் கூல்ட் எந்த விளக்கமும் இல்லாமல் படத்திலேயே காட்டினார்.

முகம் ஏன் அப்படி?

ஃப்ளாட்டாப், ப்ரூன்ஃபேஸ், மோல், ப்ரௌ. ட்ரேசியின் எதிரிகள் விகாரமான முகங்களுக்காகவே பேர்போனவர்கள். வெறும் அதிர்ச்சிக்காகச் சேர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். இதற்கு இரண்டு நடைமுறைக் காரணங்கள் உண்டு.

முதலாவது அச்சு. மலிவான நாளிதழ்த் தாள், கறுப்பு மை, சிறிய கட்டம். நேற்றைய பட்டையைத் தவறவிட்டவர்கூட இன்று ஒரே பார்வையில் ஆளை அடையாளம் காண வேண்டும். கூல்ட் தடித்த கோடுகளையும் முழுக் கறுப்புப் பரப்புகளையும் பயன்படுத்தினார். அந்தக் கறுப்பின் நடுவே தட்டைத் தலை ஒன்று பக்கவாட்டில் தெரிந்தால் போதும், பெயரே சொல்ல வேண்டாம்.

இரண்டாவது காரணம் கதைக்குள் இருக்கிறது. அந்த முகத்தோடு கடைத்தெருவில் நடக்க முடியாது. சாதாரணக் குற்றவாளி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடலாம். ஃப்ளாட்டாப்புக்கு அந்த வழி பிறவியிலேயே இல்லை. முகமே அவன் நகரும் இடத்தைச் சுருக்குகிறது.

ஆனால் இதில் ஒரு தீங்கும் இருக்கிறது; அதை மழுப்பக் கூடாது. உடல் குறையையும் கெட்ட குணத்தையும் பல ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அழகில்லாதவர் சந்தேகத்துக்குரியவர் என்ற எண்ணம் குழந்தைகள் மனத்தில் படியும். ட்ரேசியின் கூர்மூக்கையும் சதுரத் தாடையையும் நேர்மையின் அடையாளமாக வரைந்த அதே பேனாதான் இதையும் செய்தது. இன்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் ரசிப்போடு இந்த எச்சரிக்கையையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்கூடமும் கைக்கடிகார ரேடியோவும்

தடயவியல் என்பது குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் பொருள்களை அறிவியல் முறையில் ஆராய்ந்து உண்மையை நிறுவும் துறை. 1929இல் சிகாகோவில் காதலர் தினப் படுகொலை என்று அழைக்கப்படும் கும்பல் கொலை நடந்தது. அதன் தொடர்ச்சியாக, தோட்டாக்களை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்வின் கோடார்டின் தலைமையில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த குற்ற ஆய்வுக்கூடம் அங்கே அமைந்தது. கூல்ட் அதே ஊரில் வரைந்துகொண்டிருந்தார். போலீஸ் நடைமுறைகளைத் தேடிக் கற்றார். தோட்டாவில் பதியும் கீறல், காலடிச் சுவடை வார்த்தெடுத்தல், துணியில் ஒட்டிய தூசி எல்லாம் தொடரில் பொறுமையாக விளக்கப்பட்டன. பொருளின் மேல் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவது அவருடைய தனி முத்திரை. ஒரு சாதாரண மேசை விளக்குக்கும் அம்புக்குறி வரும்.

தடயம் ஒன்று கிடைத்தவுடன் குற்றவாளி பிடிபடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ‘இந்த மண் இந்தப் பகுதியில் மட்டும் உண்டு’ என்று ஆய்வு சொன்னால் தேட வேண்டிய பகுதி பாதியாகிறது, அவ்வளவுதான். அடுத்த தடயம் அதையும் பாதியாக்கும்.

அதற்கு அடுத்த பிரச்சினை வேகம். டெட்ராய்ட் போலீஸ் 1928இல் ரோந்துக் கார்களில் ரேடியோ வைத்தபோது அது ஒருவழி ரேடியோ. காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1946 ஜனவரியில் கூல்ட் ட்ரேசியின் மணிக்கட்டில் இருவழி ரேடியோவைக் கட்டினார். பேசவும் கேட்கவும் முடிந்த அந்தக் கருவி வாசகர்களைக் கிறங்கடித்தது. வேட்டையின் கணக்கில் அதன் பயன் எளிது: தகவல் கிடைக்கும் நேரத்துக்கும் ஆட்கள் வந்து சேரும் நேரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் தலைமறைவானவன் தப்புகிறான். ரேடியோ அந்த இடைவெளியைச் சுருக்கியது.

சுருக்கமாகச் சொன்னால், முகம் அவனை வெளியே வரவிடாமல் செய்கிறது, தடயம் அவன் இருக்கும் பகுதியைக் குறுக்குகிறது, ரேடியோ அவனுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பறிக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு பட்டை

முதல் கட்டம் நேற்றைய நிலையை ஒரு வசனத்தில் நினைவூட்டும். நடுக்கட்டங்கள் கதையை ஓர் அடி நகர்த்தும். கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், அல்லது யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ‘தொடரும்’ விழும் இடம் இதுதான். அங்கே வாரத்துக்கு ஒருமுறை, இங்கே தினமும்.

நம்மில் பலர் ரிப் கெர்பி, காரிகன் என்ற காமிக்ஸ் நாயகர்களின் கதைகளைத் தமிழில் முழுப் புத்தகமாகப் படித்தவர்கள். அவையும் முதலில் நாளிதழ்ப் பட்டைகளாக வந்தவையே. தெரிந்த செய்தியையே ஒரு பாத்திரம் மறுபடி சொல்வது ஏன் என்று அந்தப் புத்தகங்களில் தோன்றியிருந்தால், அது மறுநாள் பட்டையின் முதல் கட்டம் என்பதுதான் விடை.

கூல்ட் கதையின் முடிவை முன்கூட்டியே தீர்மானிக்காமல் வரைந்தவர். தனக்கே தெரியாததை வாசகர் எப்படி ஊகிப்பார் என்பது அவர் நம்பிக்கை. ட்ரேசியை ஒருமுறை மீளவே முடியாத குழிக்குள் மாட்டிவிட்டு, ஓவியரின் கையே படத்துக்குள் வந்து காப்பாற்றுவதாக வரைந்து அனுப்பியபோது பேட்டர்சன் மறுத்துவிட்டார் என்று சொல்லப்படும் சம்பவம் பிரபலமானது. மறுத்தது சரிதான். பலகைக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்து காயை எடுத்துவைத்தால், அதன் பிறகு எந்த முற்றுகைக்கும் அர்த்தமில்லை.

நிலவுக்குப் போனதும்

1960களில் கூல்ட் ட்ரேசிக்கு விண்கலம் கொடுத்தார். நிலவில் வாழும் மக்களைக் கண்டுபிடித்தார். நிலவுப் பெண் ஒருத்தியைத் தொடருக்குள் கொண்டுவந்தார். பல பழைய வாசகர்கள் இந்தக் காலத்தில் ஆர்வம் இழந்தார்கள். விண்வெளி பிடிக்காததால் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. எங்கும் நொடியில் பறந்துபோக முடிகிற உலகத்தில் எந்தப் புள்ளியையும் அடைக்க முடியாது. பசியும் பனியும் வீட்டு வாடகையும் கதையில் எடையை இழந்தன. அவை இல்லாமல் ட்ரேசியின் வேட்டைக்குப் பிடிமானம் கிடையாது.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்கள் 1943–45 காலத்துக் கதைகளிலிருந்து தொடங்கலாம். தொகுப்பு நூல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. ஃப்ளாட்டாப் முதலில், பிறகு ப்ரௌ, அதன் பிறகு ஷேக்கி. ஒரே மூச்சில் படித்தால் முதல் கட்டங்களின் நினைவூட்டல்கள் சலிப்பூட்டும். ஒரு நாளைக்கு ஒரு வாரத்துப் பட்டைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாரமும் முடியும்போது ஒளிந்திருப்பவனுக்கு இன்னும் எத்தனை வழி பாக்கி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.